வாத்தியார் வாங்கிய வெல்டிங் மெஷின்



போன வாரம் எங்கள் வீட்டுக் கார் கொட்டாயில் வெல்டிங் மெஷினோடு நான் நிற்கிற போட்டோவைப் பேரன் எடுத்துக் குரூப்பில் போட்டுவிட்டான். அன்றிலிருந்து போன் ஓயவில்லை. "ஏனுங் சார், பென்சன் பத்தலீங்களா?" என்று 1994 பேட்ச் பையன் ஒருவன் சிரிக்கிறான். ஈரோட்டில் இருக்கும் தங்கை, "அண்ணா, கண்ணு போயிரும்ங்கறாங்க, இந்த வயசுல உனக்கெதுக்கு?" என்று திட்டுகிறாள். நடுவில் ஏழெட்டுப் பேர் மட்டும், "சார், நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறேன், எதை வாங்கறது?" என்று உண்மையாகவே கேட்டிருக்கிறீர்கள். தனித்தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், பரீட்சை வைக்க மாட்டேன்.

முதலில், எதற்கு வாங்கினேன் என்பது. உங்களில் பலர் தள்ளிவிட்ட அதே வண்டிதான். 1998-இல் பி.எஃப். லோன் போட்டு வாங்கிய மாருதி 800. போன தை மாதத்திலிருந்து, திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எங்கள் வீட்டம்மாவுக்குத் தலைவலி. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனால் அதிகம், இறக்கிவிட்டால் குறைவு. மகள் வீட்டு வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தானாகப் போய்விடும். பிரஷர் பார்த்தோம், கண் பரிசோதனை செய்தோம். இரண்டும் சரி. 32 வருடம் அறிவியல் நடத்தியவனுக்கு அப்புறம் ஒரே சந்தேகம்தான் மிச்சம்.

பின்பக்கக் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன். நான்கு வருடம் முன்னால் ஒரு பட்டறையில் 'ப்ளோர் பேட்ச்' என்று காசு வாங்கிச் செய்த வேலை. ஒரு தகரத்தை வைத்து, ரிவெட் அடித்து, ஓரமெல்லாம் பட்டி பூசி, கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வெல்டிங் ஒரு பொட்டுகூட இல்லை. பட்டி விண்டு போய், தரையில் கை நுழைகிற அளவு ஓட்டை. அதற்கு நேர் கீழே சைலன்சர் பைப் இணைப்பு. அந்த இணைப்பைச் சுற்றிக் கரிப்புகை படிந்திருந்தது.

பத்தாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தது நினைவிருக்கிறதா? கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி என்பது முதல் மணி. அதற்கு அடுத்தது தூக்கம். ஓட்டுகிறவனுக்கும் சேர்த்துத் தூக்கம். என்னுடையது கார்புரேட்டர் வண்டி, புகையில் இந்த வாயு இன்னும் அதிகம். அன்றைக்கே சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதை வீட்டிலேயே சோதிக்கலாம். காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது சைலன்சர் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். ஒருவர் ஸ்டார்ட் செய்ய, இன்னொருவர் சைலன்சர் வாயைத் தடித்த ஈரத்துணியால் இரண்டே விநாடி லேசாக அடைக்கட்டும். ஓட்டை இருந்தால் அங்கே நுரை கிளம்பும், 'புஸ்' என்று சத்தமும் கேட்கும். திறந்த வெளியில் செய்யுங்கள். பைப் சூடாவதற்குள் முடித்துவிட வேண்டும்.

சரி, புது சைலன்சர் மாற்றினால் போகிறது, மெஷின் எதற்கு என்று மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்விதான். மாருதி மாதிரி வண்டிக்குச் சைலன்சர் டப்பா கடையிலேயே கிடைக்கும், ஓட்டை டப்பாவை ஒட்டவைப்பதைவிட அதை மாற்றுவதுதான் லாபம். ஆனால் அது தொங்குகிற கொக்கி, பைப் முனையின் பிளேஞ்ச், தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு, இவையெல்லாம் கடையில் தொங்குவதில்லை. செய்து கொடுக்கிற ஆளும் குறைந்துவிட்டார்கள். இப்போது பெரிய பட்டறைகளில் நசுங்கின கதவைத் தட்டி எடுப்பதே இல்லை. கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டுகிறார்கள், இன்சூரன்ஸ் பில் போடுகிறார்கள். 27 வருடத்து வண்டியைக் கொண்டுபோனால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் திருச்சி ரோட்டில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவரைப் பார்க்கப் போனேன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஐ.டி.ஐ. முடித்து, கரூரில் பஸ் பாடி கட்டும் இடத்தில் ஆறு வருடம் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவர். "சார், சைலன்சரும் சின்னச் சின்ன பேட்சும் நீங்களே பண்ணிக்கலாமுங்க. ஆனா தரையில, சீட் பெல்ட் போல்ட் சுத்தி இருக்கறது, முன்னாடி நீளமா ஓடற பாக்ஸ், அதெல்லாம் எங்கிட்டக் கொண்டாந்திருங்க" என்றார். காரணமும் சொன்னார். மாருதிக்கு ஜீப், லாரி மாதிரி தனிச் சேசிஸ் கிடையாது. உடம்பே சேசிஸ். தரை பிய்ந்தால் முதுகெலும்பு பிய்ந்த மாதிரி. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு மெஷின் வாங்கும் எல்லோருக்கும் இது முதல் விதி. புதிய கார்களில் தூண்களுக்கெல்லாம் அதிக வலிமை கொண்ட இரும்பு போடுகிறார்கள். சூடு பட்டால் அந்த வலிமையே போய்விடும். அங்கே கை வைக்கவே கூடாது.

அடுத்து மெஷின். காந்திபுரம் பக்கம் டூல்ஸ் கடைக்குப் போனால் முதலில் என்ன சொல்வார்கள் தெரியுமா? "200 ஆம்ஸ் எடுங்க சார், 250 எடுங்க சார்." டப்பா மேலே பெரிய எண்ணாகப் போட்டிருக்கும். பல மலிவு மெஷின்களில் அது மாடல் பெயரே தவிர ஆம்பியர் இல்லை என்பது ஒரு பக்கம். கார் தகட்டுக்கு அந்த மேல் எண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது இன்னொரு பக்கம். கேட்க வேண்டிய கேள்வி: "இது எவ்வளவு கீழே இறங்கும்? இறங்கின இடத்தில் ஆடாமல் நிற்குமா?"

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாம் வீட்டு கேட்டில் பார்க்கிற ஆர்க் வெல்டிங்கில், ராடு முனையில் இருக்கும் வோல்டேஜைக் கணக்கிட ஒரு பொது விதி உண்டு. 20-உடன், ஆம்பியரில் நூற்றுக்கு நான்கு பங்கைக் கூட்ட வேண்டும். பன்னிரண்டாம் நம்பர் ராடு, அதாவது 2.5 மில்லி, ஒழுங்காக எரிய 70 ஆம்பியர் வைக்கிறோம் என்று கொள்ளுங்கள். 22.8 வோல்ட். பெருக்கினால் சுமார் 1,600 வாட். அவ்வளவும் ஒரு மிளகு அளவு இடத்தில். கார் தகடு 0.8 மில்லிதான், துருப்பிடித்த இடத்தில் அதிலும் பாதி. ஒட்டுவதற்கு முன்னால் ஓட்டை விழும். ஓட்டையை அடைக்கப் போனால் ஓட்டை பெரிதாகும். கேட் வேலையில் கில்லாடியாக இருக்கிறவர்கள்கூட கார் தகட்டில் திணறுவது இதனால்தான்.

ஒயர் தானாக வந்துகொண்டே இருக்கும் மெஷின் இருக்கிறதே, புத்தகத்தில் மிக் என்று எழுதுவார்கள், நம் ஊர்ப் பட்டறைகளில் 'சிஓடூ' என்பார்கள். அதற்கு விதி வேறு, 14-உடன் நூற்றுக்கு ஐந்து பங்கு. 0.8 மில்லி ஒயரில் 45 ஆம்பியர் வைத்தால் 16 வோல்ட் சொச்சம், சுமார் 730 வாட். பாதிக்கும் கீழே. அதைவிட முக்கியம், கையில் ஒரு விசை இருக்கிறது. அழுத்தினால் எரியும், விட்டால் அந்த நொடியே நிற்கும். அரை விநாடி எரித்து, நிறுத்தி, தகடு ஆறுகிற வரை காத்திருக்கலாம். ராடு வெல்டிங்கில் ஒவ்வொரு முறையும் உரசிப் பற்றவைக்க வேண்டும். மெல்லிய தகட்டில் அந்த உரசலே வேலையைக் கெடுக்கும்.

ஆகவே என் தீர்ப்பு: கேட், கட்டில், தண்ணீர்த் தொட்டி ஸ்டேண்ட் என்று பொது வேலைக்கு வேண்டுமானால் சின்ன இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின் போதும். ஏழாயிரம் எட்டாயிரத்தில் நல்லதாகவே கிடைக்கிறது. கார் பாடியும் சைலன்சரும்தான் நோக்கம் என்றால், கூட பத்துப் பதினைந்தாயிரம் ஆனாலும் ஒயர் மெஷின்தான். நான் வாங்கியது ஒயர், ராடு இரண்டும் ஓடுகிற ஒன்று, 30 ஆம்பியர் வரை இறங்குகிறது. கம்பெனி பெயர் கேட்காதீர்கள், நான் ஏஜென்ட் இல்லை. நம் ஊரிலேயே சர்வீஸ் உண்டா, டார்ச் முனையும் ஒயர் உருளையும் பத்து வருடம் கழித்தும் கிடைக்குமா என்று மட்டும் விசாரித்தேன்.

பழைய காயில் செட் வாங்கலாமா என்று பொள்ளாச்சித் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். தோட்டத்துக்கு அருமையான சாமான். ஐம்பது கிலோ கனம், எலி கடித்தாலும் ஓடும், எரிந்தால் நம் ஊரில் எந்த ரீவைண்டிங் கடையிலும் காயில் கட்டிக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலானவை 50, 60 ஆம்பியரில்தான் தொடங்கும். ஏர்க் கலப்பைக்குச் சரி, மாருதிக்கு ஆகாது.

ஆர்கான் வெல்டிங் பற்றியும் சொல்ல வேண்டும். சைலன்சர் பைப்புக்கு அதைவிட அழகான வேலை எதிலும் வராது. ஸ்டெயின்லெஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதுதான். ஆனால் இரண்டு கைக்கும் வேலை, துரு ஒரு துளி இருந்தாலும் பொரியும், பழகவே மாதக்கணக்காகும். இருபது வயதுப் பையன்கள் கற்றுக்கொள்ளுங்கள், சோறு போடும். எனக்கு நேரமில்லை.

கேஸ் வெல்டிங் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். முன்பெல்லாம் டிங்கரிங் பட்டறைகளில் ஓர் உயரமான டப்பா நிற்கும், பார்த்திருப்பீர்கள். கார்பைடு கல்லும் தண்ணீரும் போட்டு அங்கேயே அசிட்டிலின் காய்ச்சுவார்கள். அந்தக் கல்லை எடுத்துவந்து பள்ளிக்கூடத்தில் இங்க் பாட்டிலுக்குள் போட்டு வெடித்த மகானுபாவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஒயர் மெஷினிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. கேஸ் வைப்பதா, கேஸ் இல்லாத ஒயரா? சிஓடூவோ ஆர்கான் கலந்ததோ, அந்த வாயு உருகின இரும்பைச் சுற்றிக் குடை பிடிக்கிறது. குடை விலகினால் வெல்டிங் முழுக்க ஆப்பம் மாதிரி பொத்தல். நம் ஊருக்கு இது பெரிய விஷயம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்றை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாடி சுற்றுவதே அதில்தான். அம்மியே பறக்கும் என்கிற காற்றில் இந்தக் குடை எம்மாத்திரம்? மூன்று பக்கம் மறைப்பு இல்லாமல் அந்த மாதங்களில் கேஸ் வெல்டிங் வாசலில் நடக்காது.

கேஸ் இல்லாத ஒயருக்குள் மருந்துப் பொடி இருக்கும், காற்றைத் தாங்கும். சிலிண்டர் செலவும் இல்லை. ஆனால் சூடு கொஞ்சம் அதிகம், பொரி நிறையத் தெறிக்கும், மேலே கசடு படியும். சைலன்சர் பைப்புக்குப் போதும். அதன் சுவர் ஒன்றே கால், ஒன்றரை மில்லி இருக்கும். பாடித் தகட்டுக்குக் கேஸ்தான் நல்லது. இன்னொன்று, கேஸ் இல்லாத ஒயருக்கு டார்ச்சை மைனஸிலும், கேஸ் ஒயருக்கு பிளஸிலும் மாற்றி மாட்ட வேண்டும். கடையில் இதைச் சொல்லுவதில்லை. "மெஷின் சரியில்லைங்க" என்று திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் பலர் வயரைத்தான் மாற்றியிருக்க மாட்டார்கள் என்று மாணவர் சொன்னார்.

கரண்டுக்கு வருவோம். 45 ஆம்பியரில் தகடு ஒட்டும்போது வீட்டு இணைப்பிலிருந்து மெஷின் இழுப்பது 6 ஆம்பியர்கூட இல்லை, இஸ்திரிப் பெட்டி அளவுதான். ஆனால் அதே மெஷினில் பத்தாம் நம்பர் ராடு போட்டு, 110 ஆம்பியர் வைத்து கேட் அடித்தால் 20-ஐத் தாண்டும். 16 ஆம்பியர் பிளக் கருகும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம். 1 சதுர மில்லி ஒயரை 20 மீட்டர் இழுத்து 15 ஆம்பியர் ஓட்டினால் 10 வோல்ட் ஒயரிலேயே தீர்ந்துபோகும். அதாவது 150 வாட் சூடு. ஒயரைச் சுருட்டியபடியே விட்டு ஓட்டினால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் உருகும். இரண்டரை சதுர மில்லி வாங்கி, முழுதும் பிரித்துப் போடுங்கள். அப்புறம், வீட்டு இணைப்பில் சொந்த வேலை மட்டும். அடுத்தவர் வண்டிக்குக் காசு வாங்கிச் செய்தால் அது தொழில், அதற்கு வேறு இணைப்பு வாங்க வேண்டும்.

மாணவர் என்னை ஒரு மாதம் காரைத் தொடவிடவில்லை. உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் நசுங்கின பானட் ஒன்று எடுத்துவரச் சொன்னார். அதைக் கையகலத் துண்டுகளாக வெட்டி ஒட்டிப் பழகினேன். "சார், கோலத்துக்குப் புள்ளி வைக்கற மாதிரி வையுங்க. இந்த ஓரம் ஒண்ணு, அந்தக் கடைசி ஒண்ணு, நடுவுல ஒண்ணு. அப்பறம் எடைல எடைல. ஒரே இழுவையா இழுத்தா தகடு அப்பளமாட்டம் நெளிஞ்சிரும்" என்றார். வீட்டம்மா இதைக் கேட்டுவிட்டு, நாற்பது வருடமாக நான் வைக்கிற புள்ளியை இவர் ஒரு நாளாவது பார்த்தாரா என்று கேட்டது தனிக் கதை. தகட்டுக்குப் பின்னால் ஒரு செம்புப் பட்டையை அழுத்திப் பிடித்தால் ஓட்டை விழாது, செம்பு சூட்டை வாங்கிக்கொள்ளும், இரும்பும் அதில் ஒட்டாது. ஒட்டின துண்டை வைஸில் பிடித்து வளைத்துப் பிய்த்துப் பார்க்க வேண்டும். ஒட்டு விட்டால் தோல்வி, தகடு கிழிந்தால் வெற்றி.

சைலன்சர் பைப்பை வண்டியிலிருந்து கழற்றித்தான் ஒட்ட வேண்டும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். அமுங்குகிற இடத்தில் இரும்பு இல்லை, துருதான் இருக்கிறது. நல்ல இரும்பு வரும்வரை வெட்டிவிட்டு, உள்ளே நுழைகிற அளவில் வேறு பைப் கோத்து, நான்கு பக்கமும் பொட்டு வைத்து, மாட்டிப் பார்த்து, அப்புறம் சுற்றி ஒட்டுங்கள். பைப் ஏன் உள்ளிருந்து துருப்பிடிக்கிறது தெரியுமா? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. மார்க்கெட்டுக்கும் கோவிலுக்கும் மட்டும் போய்வருகிற வண்டியில் பைப் முழுச் சூடு ஏறுவதற்குள் இன்ஜினை நிறுத்திவிடுகிறோம். தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். புதிய கார்களில் பைப் ஒருவகை ஸ்டெயின்லெஸ். ஆனால் அதில் காந்தம் ஒட்டும், ஒட்டுகிறதே என்று சாதா இரும்பு என எண்ண வேண்டாம். அதற்கு ஸ்டெயின்லெஸ் ஒயர் தனியாக வாங்க வேண்டும்.

தங்கைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தானாக இருட்டாகும் ஹெல்மெட் வாங்கியிருக்கிறேன். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டது அப்போது தெரியாது, ராத்திரி மணல் கொட்டினாற்போல் உறுத்தும். தாய்ப்பால், உருளைக்கிழங்கு என்று எதையும் வைக்காமல் கண் டாக்டரிடம் போங்கள். வண்டியில் வேலை செய்யும்முன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள், எர்த் கிளாம்பை ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். கார்ப்பெட், சீட்டு, தரைக்குக் கீழே போகும் பெட்ரோல் பைப் எல்லாம் பார்த்து அகற்ற வேண்டும். பக்கெட்டில் தண்ணீர், தீயணைப்பான் இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில். முடித்த பிறகும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள், நெருப்பு உள்ளுக்குள் கனன்று பிறகுதான் கிளம்பும். துத்தநாகம் பூசிய தகட்டைத் தேய்க்காமல் எரித்தால் வெண்புகை வரும், ராத்திரி குளிர்காய்ச்சல் உறுதி. பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்த இடத்தில் வெல்டிங் வைக்கவே கூடாது. சிலவகை ஸ்ப்ரேயில் இருக்கும் குளோரின் சேர்மம் அந்த வெளிச்சத்தில் பாஸ்ஜீனாக மாறும். முதல் உலகப்போரில் மனிதர்களைக் கொன்ற வாயு அது.

இப்போது நிலவரம்: பிளேஞ்சும் கொக்கியும் நான் ஒட்டினேன். தரையை மாணவர் தன் பட்டறையில் இரண்டு நாள் வைத்து, நல்ல இரும்பு வரை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து ஒட்டிக் கொடுத்தார். உள்ளும் புறமும் பிரைமர், அடியில் தார்ப்பூச்சு. சோப்பு நுரைச் சோதனை மூன்று முறை செய்தேன், ஒரு குமிழிகூட இல்லை. அவர் பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். பட்டறை தன்னோடு சரி என்கிறார். இந்தத் தகட்டு வேலையைக் கற்றுக்கொள்ள ஆசையுள்ள பிள்ளைகள் யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள், அவரிடம் பேசிச் சேர்த்துவிடுகிறேன். சம்பளமும் பேசுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஷின் கொட்டாயில்தான் இருக்கும். சூலூர்ப் பக்கம் வந்தால் வாங்க, சைக்கிள் கேரியரோ ஸ்டேண்டோ ஒட்டிப் பழகலாம், டீ உண்டு. செருப்புப் போட்டுக்கொண்டு வராதீர்கள், ஷூ போட்டு வாருங்கள். பாலியஸ்டர் சட்டை வேண்டாம். யாரும் பைக்கின் பெட்ரோல் டேங்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கழுவி வைத்து ஆறு மாதம் ஆச்சுங்க சார் என்று சொன்னாலும் தொட மாட்டேன்.